பக்கத்து ஆசனத்துக்கும் ஒரு ஹக்கு உண்டு



‘ஸபர்’ என்பது நம் எல்லோருடைய வீட்டிலும் புழங்குகின்ற சொல். பிரயாணம் என்று அதற்குப் பொருள். அதன் அரபு வேரிலே, திரையை நீக்கி உள்ளே இருப்பதை வெளிக்காட்டுதல் என்றொரு கருத்தும் உண்டென்று உலமாக்கள் விளக்குவார்கள். வீட்டுக்குள்ளே மறைந்து கிடக்கும் நம் குணம் பிரயாணத்திலே வெளியே வந்துவிடும். ஒருவரை நல்லவர் என்று சாட்சி சொல்ல வந்த மனிதரிடம், அவரோடு பிரயாணம் செய்திருக்கிறாரா என்று உமர் (ரலி) அவர்கள் விசாரித்த சம்பவத்தை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம்.

அந்தத் திரை முழுவதுமாக நீங்குகின்ற இடம் இக்காலத்தில் ஆகாய விமானம்தான். கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு நேராகப் பறந்தாலே ஆறு மணித்தியாலத்துக்கும் மேல் ஆகும். துபாயிலோ கட்டாரிலோ இறங்கி மாறுவதென்றால் நேரம் இன்னும் கூடும். அவ்வளவு நேரமும் முன்பின் அறியாத ஒருவரின் முழங்கைக்குப் பக்கத்தில் நம் முழங்கை இருக்கும். உம்ராவுக்குப் போகின்றவர்களும், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகின்ற உம்மாமாரும், தொழிலுக்குப் போகின்ற சகோதரிகளும் இன்று நம்மில் நிறையப் பேர் இருப்பதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

ஆசனம் ஏன் சுருங்கியது?

“முந்தி ப்ளேனில் போனால் காலை நீட்டி இருந்து போகலாம், இப்போது பஸ்ஸைவிட மோசம்” என்று மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் பழம்பெருமையல்ல. ஓர் ஆசனத்துக்கும் அதற்கு முன்னுள்ள ஆசனத்துக்கும் இடையிலான தூரம் ஒரு காலத்தில் சாதாரண வகுப்பில் 34, 35 அங்குலமாக இருந்தது. இன்று பல விமானங்களில் அது 30, 31 அங்குலம்தான். மலிவுக் கட்டண விமானங்கள் சிலவற்றில் 28 அங்குலம். 1995ஆம் ஆண்டு சேவைக்கு வந்த போயிங் 777 விமானத்தில் ஒரு வரிசைக்கு ஒன்பது ஆசனங்கள் வைப்பதே அப்போது பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. அதே அகலத்துக்குள் இன்று அநேக நிறுவனங்கள் பத்து ஆசனங்களை வைக்கின்றன. அந்தப் பத்தாவது ஆசனத்துக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்தும் கைப்பிடியிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஆசனத்தைத் தெரிவு செய்யக்கூட இப்போது பல நிறுவனங்கள் தனிக்கட்டணம் கேட்கின்றன. காசு கட்டாத குடும்பம் சில வேளை ஆளுக்கொரு மூலையில் அமர நேரிடுகிறது.

ஆனாலும் நீதியாகப் பேச வேண்டும். எயார் சிலோன் 1947இல் இரத்மலானையிலிருந்து மதராஸுக்குப் பறக்கத் தொடங்கிய காலத்தில் விமானம் என்பது வசதி படைத்தவர்களின் வாகனம். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கப்பலில் பல நாட்கள் அலைக்கழிந்து போனார்கள். இன்று ஒரு மீனவரின் மனைவியும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் உம்ராவுக்குப் போய் வருகிறார் என்றால், அதற்கு ஆசனங்களை நெருக்கியதால் குறைந்த கட்டணமும் ஒரு காரணம். எல்லாமே கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அக்காலத்தில் விமானத்துக்குள்ளே சிகரெட் புகைத்தார்கள். சர்வதேச விமானங்களில் 1996ஆம் ஆண்டு ஜூலைக்குள் புகைத்தலை ஒழிக்க வேண்டுமென்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1992இல் தீர்மானித்தது. கைக்குழந்தையோடு போகும் தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

அங்குலங்களைக் கூட்டுவது நம் கையில் இல்லை. இருக்கின்ற அங்குலங்களை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

வீட்டிலிருந்து புறப்படும்போது

கட்டுநாயக்கவில் வரிசை நின்றுகொண்டிருக்க, நிலத்தில் சூட்கேஸைத் திறந்து வைத்துப் பொருட்களை இடம் மாற்றுகின்ற குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலேயே ஒரு தராசில் நிறுத்துக்கொண்டால் அந்தச் சங்கடம் இல்லை. கைப்பைக்குப் பல நிறுவனங்கள் 7 கிலோதான் அனுமதிக்கின்றன. கருவாடு, மாசி, அச்சாறு எடுத்துப் போவதாயின் மணமும் எண்ணெயும் வெளியே வராதபடி இரண்டு மூன்று உறைகளில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். நமக்கு வாசனையாக இருப்பது பக்கத்தில் இருப்பவருக்குக் குமட்டலாக இருக்கலாம்.

பிரஷர், சீனி வியாதிக்கான மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘முஸ்லிம் உணவு’ வேண்டுமானால் ஒரு நாளுக்கு முன்னராவது சொல்லி வைக்க வேண்டும். விமானத்துக்குள் ஏறிய பின்னர் பணிப்பெண்ணிடம் கோபித்துப் பிரயோசனமில்லை.

முக்கியமான ஒன்று: அறிமுகமில்லாதவர் தரும் பொதியை, அவர் எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்க வேண்டாம். போதைப்பொருள் அகப்பட்டால் அரபு நாடுகளில் தண்டனை மிகக் கடுமையானது. உதவி செய்யும் நல்ல மனதையே சிலர் வலையாக்கிவிடுகிறார்கள்.

கதவு மூடிய பின்

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி வரையான மலையில் இருப்பது போன்று வைக்கப்படுகிறது. நுவரெலியா நகரத்துக்கும் பிதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைப்பது அதனால் இயல்பு. காற்றின் ஈரப்பதனோ அநேகமாக 20 வீதத்துக்கும் குறைவு. தொண்டை வரளும், கண் எரியும், சாப்பாட்டின் ருசியும் மங்கிப்போகும். இந்த அசதியில்தான் மனிதர்களுக்குச் சட்டென்று கோபம் வருகிறது. இதை அறிந்திருந்தால் மற்றவர் முகம் சுளிக்கும்போது நாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். கால் வீங்கக்கூடிய மூத்தவர்கள் இருந்த இடத்திலேயே கணுக்காலை அசைத்துக்கொள்வதும், இடைக்கிடை எழுந்து நடப்பதும் நல்லது.

ஆசனத்தைப் பின்னால் சாய்ப்பதாயின் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சாயுங்கள். பின்னால் இருப்பவர் சுடச்சுடத் தேநீர் வைத்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்திவிடுங்கள். மூன்று பேர் இருக்கும் வரிசையில் நடுவில் இருப்பவருக்கு ஜன்னலும் இல்லை, நடைபாதையும் இல்லை. ஆகவே இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் அவருக்கு விட்டுவிடுவது நாகரிகம். கையடக்கத் தொலைபேசியில் நாம் கேட்பது கிராஅத்தாக இருந்தாலும் நாடகமாக இருந்தாலும் காதுக்கருவி போட்டுக்கொண்டே கேட்க வேண்டும்.

நம் பெண்களுக்கு இந்த நெருக்கம் வெறும் சௌகரியப் பிரச்சினை மட்டுமல்ல. இரண்டு அந்நிய ஆண்களுக்கு நடுவில் ஆறு மணித்தியாலம் ஒடுங்கி இருப்பது மனதுக்குப் பெரும் வேதனை. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி மேனி பட்டால் வுழூவும் முறிந்துவிடும். ஆகவே பொதிகளை ஒப்படைக்கும் இடத்திலேயே ஆசனத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். அது முடியாமற்போனால் விமானப் பணிப்பெண்ணிடம் தாழ்மையாகச் சொல்லுங்கள். அநேகமாக யாராவது மாறித் தருவார்கள். அதேபோல, பிள்ளையைப் பிரிந்து இருக்கும் ஒரு தாய் உங்களிடம் ஆசனம் மாறக் கேட்டால், ஜன்னலோரத்தை விட்டுக் கொடுக்கத் தயங்காதீர்கள். அவர் எந்த மார்க்கத்தவராக இருந்தாலும் சரிதான்.

அழுகின்ற குழந்தையைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். விமானம் இறங்கும்போது அழுத்தம் மாறுவதால் பிஞ்சுக் காதுகள் வலிக்கும். அந்நேரம் பால் கொடுத்தால், விழுங்க விழுங்க வலி தணியும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு இனிப்பைக் கொடுக்கலாம்.

தண்ணீரும் தொழுகையும்

சகோதரிகளே, நம்மவர் மீது அடிக்கடி வரும் ஒரு முறைப்பாட்டை மறைக்காமல் பேசுவோம். மலசலகூடத்தின் தரை முழுவதும் தண்ணீராக விட்டு வருகிறோம் என்பதே அது. அந்தச் சின்ன அறையில் தண்ணீர் வடிந்தோட வழியில்லை. அடுத்து வருபவர் செருப்பில்லாத குழந்தையாகவோ வழுக்கி விழக்கூடிய வயோதிபராகவோ இருக்கலாம். ஒரு வெறும் போத்தலைக் கொண்டுபோய் அளவாகத் தண்ணீர் பிடித்துப் பாவியுங்கள். வெளியே வருமுன் கடதாசித் துண்டால் தரையைத் துடைத்துவிடுங்கள். வுழூவை விமான நிலையத்திலேயே செய்துகொண்டு ஏறுவது இலேசு. சுத்தம் ஈமானைச் சார்ந்தது என்று சொல்லும் நாம், சுத்தத்துக்காகவே அடுத்தவருக்கு அசுத்தத்தை வைத்துவிட்டு வரலாமா?

சுருக்கித் தொழவும் சேர்த்துத் தொழவும் பிரயாணிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். புறப்படுமுன் ஓர் ஆலிமிடம் விவரமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சவூதியா விமானங்கள் சிலவற்றில் தொழுவதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். மற்ற விமானங்களில் கேட்டுப் பாருங்கள், சாப்பாட்டு வண்டி போகாத நேரமாகப் பார்த்து ஓரிடம் காட்டுவார்கள். கேளாமல் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றால் முறுகல்தான் வரும். ஆண்கள் இஹ்ராம் துணியைக் கட்டுநாயக்கவிலேயே உடுத்துக்கொண்டு, மீகாத்தை நெருங்கும்போது நிய்யத் வைத்தால், கடைசி நேரத்தில் மலசலகூடத்துக்கு முன்னால் நெருக்குப்பட வேண்டியதில்லை. இதை உங்கள் வீட்டு ஆண்களிடமும் சொல்லி வையுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் யார்?

ஒரு தடவை வளைகுடாவுக்குப் போகும் விமானத்தில் கண்ட காட்சி இது. வீட்டுப் பணிக்காக முதல் தடவை போகும் திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளையொருத்தி, இலக்கம் விளங்காமல் வேறொருவரின் ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் எல்லோரும் கேட்கும்படி ஏசினார். பிள்ளை கண்கலங்கி எழுந்து நின்றாள். பின்வரிசையிலிருந்த, உம்ராவுக்குப் போகும் ஒரு வயதான மாமி, “வாங்க மகள், இஞ்ச இரிங்க” என்று கூப்பிட்டுத் தன் பக்கத்து வெற்று ஆசனத்தில் அமர்த்தினார். “இந்தக் கொளுக்கிய இப்படித் தூக்குங்க, கழன்றிடும்” என்று ஆசனப்பட்டியைக் காட்டிக் கொடுத்தார். தன் பையிலிருந்த தொதல் துண்டையும் பாதி பிய்த்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தி, தன் இரண்டு மக்களின் படத்தை அவரிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அல்குர்ஆனில் ஸூரா அன்னிஸாவின் 36ஆவது வசனம் பெற்றோருக்கும் உறவினருக்கும் அநாதைகளுக்கும் அயலவருக்கும் நன்மை செய்யுமாறு பணிக்கிறது. அந்த வரிசையிலே பக்கத்தில் இருக்கும் தோழரையும் அது சேர்த்துச் சொல்கிறது. பிரயாணத்தில் உடன் வருபவரும் இதில் அடங்குவார் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஸூரா அல்முஜாதலாவின் 11ஆவது வசனமோ சபைகளிலே பிறருக்கு இடம் அளிக்குமாறும், அப்படிச் செய்தால் அல்லாஹ் நமக்கு இடத்தை விசாலமாக்குவான் என்றும் கற்பிக்கிறது. அப்படியென்றால் பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கு நம்மீது ஹக்கு உண்டு. நாலு மணித்தியால அயலவர் என்றாலும் அயலவர்தான்.

ஒழுக்கம் உயிரையும் காக்கும்

2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கரையோரக் காவற்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்திலிருந்த அறுவரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒலிபரப்புச் சாதனம் பழுதான நிலையிலும் பணியாளர்கள் கத்திக் கத்தி வழிகாட்ட, பயணிகள் தம் பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். அதே ஆண்டு மே 21இல் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன விமானமொன்று மியன்மாருக்கு மேலே திடீரெனக் கடுமையாகக் குலுங்கியதில் ஒரு பயணி இறந்தார், பலர் காயப்பட்டார்கள். ஆசனத்தில் இருக்கும் நேரமெல்லாம் பட்டியைப் பூட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே சிவந்த முகத்தோடு நிற்கும் பணிப்பெண்ணைத் தேநீர் கொண்டுவரும் ஆளாக மட்டும் எண்ணாதீர்கள். ஆபத்தில் நம்மைக் கதவு வரை கொண்டு சேர்க்கப் பயிற்சி பெற்றவர் அவர். விரல் சொடுக்கிக் கூப்பிடாமல், ஒரு புன்னகையோடு நன்றி சொல்வோம். சக்கரம் நிலத்தைத் தொட்டவுடன் எழுந்து மேல்தட்டை இழுக்காமல், விமானம் நிற்கும்வரை இருப்போம். முன்வரிசைக்காரர் முதலில் இறங்கட்டும். பெட்டிகள் வரும் இடத்தில் வயதான ஒருவர் தடுமாறினால், நம் பெட்டியோடு அவருடையதையும் இறக்கிக் கொடுக்க நம் பிள்ளைகளை ஏவுவோம்.

அடுத்த தடவை ஸபர் துஆவை ஓதிவிட்டு அமரும்போது, பக்கத்தில் இருப்பவரின் முகத்தை ஒரு முறை பாருங்கள். அவர் முஸ்லிமாக இருந்தால் ஸலாம் சொல்லுங்கள். வேறொருவராக இருந்தால் அன்பாக ஒரு வார்த்தை பேசுங்கள். நம் பிரயாணங்களையும் நம் அருகே பிரயாணம் செய்வோரின் பிரயாணங்களையும் வல்ல அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.