சருகுமான் குட்டி

பேரன் எங்கோ சருகுமான் படம் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க இதை நேர்ல பார்த்திருக்கீங்களா? எழுதுங்களேன்" என்று சொல்லி ரொம்ப நாளாயிற்று. நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன்.

1981-ல் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். எஸ்டேட்டை ஒட்டிய மழைக்காட்டுக்குள் ஏலக்காய் போட்டிருந்தார்கள். ஒரு மாலை அங்கிருந்து திரும்பும்போது, பெரிய மரத்தின் வேர் இடுக்கில் அந்தக் குட்டி படுத்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும்.

வளர்ந்த சருகுமானே முயல் அளவுதான். உயரம் ஓர் அடிக்குள், எடை 3 கிலோ இருக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும். சருகுகளுக்கு நடுவே அசையாமல் நின்றால் காலடியில் இருந்தாலும் தெரியாது. கால்கள் பென்சில் கனம். கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல் கோரைப்பல் குட்டித் தந்தம்போல நீண்டிருக்கும். பெயரில்தான் மான், குடும்பமே வேறு. அசைபோடும், ஆனால் மாட்டுக்கு இரைப்பையில் 4 அறை என்றால் இதற்கு மூன்றுதான் சரியாக வளர்ந்திருக்கும். பகலில் மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ முடங்கிக் கிடக்கும். இருட்டியதும் தனியாக வந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்னும். மிரண்டால் பின்னங்காலால் தரையைத் தடதடவென்று தட்டும்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம் என்பதும் அப்படித்தான். அன்றைக்கு எனக்குப் பட்டது ஒன்றுதான், தாயில்லாக் குட்டி. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"ஏங்க, எடுத்த இடத்துலயே விட்டுட்டு வாங்க. தாய் தேடும்" என்றாள் மனைவி.

"தாயைச் செந்நாய் தின்னிருக்கும்" என்றேன். நேரில் பார்த்தவன் மாதிரி.

பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரால் ஊட்டினேன். முதல் நாள் குடித்தது. மறுநாள் கழிச்சல். மூன்றாம் நாள் விடியற்காலை, அடுப்பு ஓரம் வைத்திருந்த கூடையில் விறைத்துக் கிடந்தது.

புதைக்கக் குழி வெட்டிய பெரியவர் காட்டோரமே வளர்ந்தவர். "தாய் செத்திருக்காதுங்க ஐயா. குட்டியை ஒளிச்சு வச்சுட்டு மேயப் போகும். வந்து பால் குடுக்கும்" என்றார்.

"மூணு நாளும் வந்திருக்குமா?" என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், பதில் சொல்லவில்லை.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. சண்டை வந்தால் கல்யாணப் பந்தியிலிருந்து ஆரம்பித்துப் பழைய கதை அத்தனையும் எடுப்பாள். இதை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை.