பிளக்கின் நிறம்

மக்கள் டூ ஸ்ட்ரோக் என்று அழைக்கும் இருவீச்சு இயந்திரத்தைப் பாடநூல்கள் மிக எளிய பொறியாகவே அறிமுகப்படுத்துகின்றன. நால்வீச்சு இயந்திரத்தில் இருப்பதுபோல் அதன் தலையில் வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரில் வெட்டப்பட்ட துளைகளைப் பிஸ்டனே மேலும் கீழும் சென்று மூடித் திறக்கிறது. உள்ளே அசையும் உறுப்புகள் சிலவே. எளியது என்பது மெய்தான். ஆயினும் பந்தயத்திற்காக அதைப் பக்குவப்படுத்துவோரைக் கேட்டால், அத்துணை இடர் நிறைந்த பொறி வேறில்லை என்பார்கள்.

பங்குக்குருவுக்குப் பட்டறையில் என்ன அலுவல் என வாசகர் வினவலாம். கிளைப்பங்குகளுக்குச் சென்றுவர என்னிடம் ஒரு ஆர்.எக்ஸ். 100 இருந்தது. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட 98 சி.சி. வண்டி அது. அதைப் பழுதுபார்த்துத் தந்தவரின் கொட்டகையில் பந்தய வண்டிகளும் வந்து நிற்கும். என் வண்டியின் முறை வரும்வரை முக்காலியில் அமர்ந்து கேட்டவை பின்னர் என்னைத் தேடிப் படிக்கத் தூண்டின.

இவ்வியந்திரத்தின் வலிமையில் பெரும்பங்கு புகைக்குழாயில் பிறக்கிறது என்பதை அறிந்தபோது வியந்தேன். எரிந்த வாயு வெளியேறும்போது ஓர் அழுத்த அலை குழாயினூடே ஓடுகிறது. குழாய் விரியும் பகுதியிலிருந்து திரும்பும் அலை, சிலிண்டரில் எஞ்சிய புகையை உறிஞ்சிப் புதிய கலவைக்கு இடம் செய்கிறது. குழாய் மீண்டும் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலையோ, வெளியே தப்பிய புதிய கலவையைத் துளை மூடுமுன் உள்ளே தள்ளிவிடுகிறது. நிமிடத்திற்கு 9,000 சுழற்சி என்றால் இது நொடிக்கு 150 முறை நிகழ வேண்டும். குழாயின் நீளம் சற்றே மாறினாலும் அலை வேளை தவறி வந்து சேரும்.

கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரில் எம்.இசட். நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்திய வால்டர் காடன் இந்த அலைகளை ஆசிலோஸ்கோப் கருவியில் பார்த்துப் பார்த்துக் குழாய்களை வடிவமைத்தார். பணமும் நல்ல உலோகமும் அரிதாயிருந்த நாட்டில், 1961ஆம் ஆண்டுக்குள் அவருடைய 125 சி.சி. இயந்திரம் 25 குதிரைத்திறனை எட்டியது. அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு செப்டம்பரில், சுவீடன் பந்தயத்திற்குச் சென்ற அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பாமல் மேற்குக்குத் தப்பினார். 1962இல் ஜப்பானின் சுசூகி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். காடனின் நுட்பம் அவரோடு கடல் கடந்தது. பின்வந்த ஜப்பானிய இருவீச்சு வண்டிகள் அனைத்திலும் அதன் சாயலைக் காணலாம். 1983இல் நம் நாட்டில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ராஜ்தூத் 350, யமஹா ஆர்.டி. 350இன் உடன்பிறப்பே. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களிலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் இவற்றின் கிறீச்சொலியைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணத்தையுந்தான். ஐரோப்பாவில் பழைய வண்டிகளுக்கென நடக்கும் பந்தயங்களில் இன்றும் சிலர் பெட்ரோலில் கலப்பது ஆமணக்கு எண்ணெய். குழந்தைப் பருவத்தில் மூக்கைப் பிடித்து நமக்கு ஊட்டினார்களே, அதே விளக்கெண்ணெய்! காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

இனி இடருக்கு வருவோம். இவ்வியந்திரத்தில் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கு மசகு. அந்தப் பெட்ரோலே அதைக் குளிர்விக்கவும் செய்கிறது. கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஓர் எண் சிறிதாக்கினால் கலவை மெலிகிறது, வேகம் கூடுகிறது. இன்னும் ஓர் எண் குறைத்தால் இன்னும் கூடலாம். அதற்கு அடுத்த எண்ணில், ஒரு நீண்ட நேர்ப்பாதையின் இறுதியில், வெப்பம் மிகுந்து வீங்கிய பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. பின்சக்கரம் அக்கணமே பூட்டிக்கொள்கிறது. இருவீச்சு வண்டியில் பந்தயம் ஓட்டுவோர் இரு விரல்களைக் கிளட்ச் மீதே வைத்திருப்பது இதற்காகத்தான். இயந்திரம் மிக நன்றாக இழுக்கும் இடமும் அழியும் இடமும் அடுத்தடுத்து உள்ளன. வண்டி திடீரென்று வழக்கத்தைவிட நன்றாக ஓடினால் மகிழாதே, அஞ்சு என்று கொட்டகையில் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் அவர்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறிவது? முழு வேகத்தில் ஓடும்போதே எரியூட்டலை நிறுத்திக் கிளட்ச்சைப் பிடித்து உருண்டு வந்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினால் பிளக் வேறொரு கதையைச் சொல்லும். பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் இருந்தால் நலம். வெளிறியிருந்தால் எச்சரிக்கை. மிளகுப்பொடி தூவியதுபோல் நுண்ணிய வெள்ளிப் புள்ளிகள் தென்பட்டால், பிஸ்டனின் அலுமினியம் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நானும் உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறேன்; அவர் கண்டதில் பாதியைக்கூட நான் கண்டதில்லை.

பழைய வண்டி என்றால் பொறுப்பு இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு முறை பிஸ்டன் பிடிக்கும்போதும் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் கடைந்து பெரிதாக்க வேண்டும். சில முறைக்குப்பின் கடைய உலோகம் இராது. புகைத்துளையின் மேல்விளிம்பை அரத்தால் அரை மில்லிமீட்டர் உயர்த்தினால் உச்ச வேகம் கூடும். அரத்தூளை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. அளவுக் கருவியில் தெரியும் ஒரு குதிரைத்திறனுக்காக, இனி வார்க்கப்படாத சிலிண்டர்களை அறுத்துத் தள்ளுவோரிடம் எனக்கு மதிப்பில்லை.

ஆனால் சிலிண்டரைவிடப் பெரியது ஒன்று உண்டு. ஜெட்டைத் தேர்பவர் ஒருவர்; அதன்மேல் அமர்ந்து செல்பவர் வேறொருவர். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒருமுறை அவரோடு இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றிருந்தேன். முதல்நாள் மதியப் பயிற்சியில் சிறிய ஜெட்டில் வண்டி பறந்தது. மறுநாள் பந்தயம் காலையில். அவர் ஓர் எண் பெரிய ஜெட்டை மாட்டினார்.

"நேத்து அதுலதானே அண்ணே பறந்துச்சு?" என்றான் இளைஞன்.

"நேத்து மத்தியானக் காத்து வேற தம்பி. காலைக் காத்து கனமா இருக்கும். அதே ஜெட்டுன்னா கலவை மெலிஞ்சிரும்."

அவன் நான்காவதாக வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் நிழலில் போய் அமர்ந்தான். சிறிய ஜெட் தாங்கியிருக்கக்கூடும்; அவன் வென்றிருக்கவுங்கூடும். தாங்கியிராது என்று மெய்ப்பிக்க அவரிடம் ஒன்றுமில்லை. தவறிய முடிவுகளுக்குச் சான்றாகக் கொட்டகையின் பலகையில் உருகிய பிஸ்டன்கள் வரிசையாக இருக்கின்றன. சரியான முடிவுக்குச் சான்றாக இருந்தது, நிழலில் முகம் வாடி உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் மட்டுமே.

"அவனிடம் எடுத்துச் சொல்லலாமே" என்றேன்.

"என்னன்னு சொல்றது ஃபாதர்?" என்றார் அவர். கழற்றிய பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து அன்றைய தேதி, வேளை, ஜெட்டின் எண், பிளக்கின் நிறம் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்தார். பிறகு இளைஞனுக்குத் தேநீர் வாங்கிவரப் போனார்.