நிறுத்த அறிந்த கை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையில், போர்ட் கிளின்டன் என்னும் சிற்றூரை அடுத்துக் கேம்ப் பெரி என்றொரு இராணுவப் பயிற்சித் திடல் இருக்கிறது. அந்நாட்டின் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு 1907-ஆம் ஆண்டிலிருந்தே பெயர்பெற்ற இடம் அது. அங்கே வெற்றி பெற்றவர்களைப் பற்றி எழுதியவர் பலர். ஆனால் அவர்கள் ஏந்தும் பழைய கைத்துப்பாக்கிகளின் விசையைச் செம்மைப்படுத்தித் தரும் பட்டறைத் தொழிலாளரைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. அத்தொழிலாளரை நேரில் கண்டு, அவர்கள் கைவேலையின் சூட்சுமத்தை அறிய வேண்டும் என்ற ஆவலே என்னை அந்த ஏரிக்கரைப் பிரதேசத்துக்கு அழைத்துச் சென்றது.

நான் சென்ற பட்டறை, வீட்டின் பின்புறத்தில் அமைந்த ஓர் அறைதான். வடக்குச் சாளரத்தின் கீழ் நீண்ட மேஜை; அதன்மேல் சாணைக்கற்கள், நுண்ணிய அரங்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி. எழுபது வயதைக் கடந்த தொழிலாளர் ஒருவரும் அவரிடம் வேலை பயிலும் இளம் பெண்ணொருத்தியும் அங்கே இருந்தார்கள். மேஜைமீது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்யப்பட்ட '1911-ஏ1' வகைக் கைத்துப்பாக்கி ஒன்று, உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டுத் துணியின்மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது.

ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற மேதை வகுத்த இந்தத் துப்பாக்கியின் மூல மாதிரியை அமெரிக்க இராணுவம் 1911-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஏற்றுக்கொண்டது. 1985-இல் வேறொன்று தேர்ந்தெடுக்கப்படும் வரையில் அதுவே அந்நாட்டுப் படைவீரரின் இடைக்கருவியாக விளங்கிற்று. யுத்தகாலத் தேவை பெருகியபோது, தட்டெழுத்து யந்திரம் செய்த ரெமிங்டன் ராண்ட் கம்பெனி லட்சக்கணக்கிலும், தையல் யந்திரத்துக்குப் புகழ்பெற்ற சிங்கர் கம்பெனி 500 மட்டும் இதைச் செய்து கொடுத்தன. சேற்றிலும் மணலிலும் தவறாமல் இயங்க வேண்டும் என்பதே அன்று முதன்மையான நோக்கமாக இருந்தமையால், உறுப்புகளின் இடையே தாராளமான இடைவெளி விடப்பட்டது. விசையும் 5 முதல் 6.5 ராத்தல் வரை இழுவை வேண்டும்படி அமைக்கப்பட்டது.

போர்க்களத்துக்கு அது பொருத்தமே. ஆனால் போட்டித் திடலிலோ, வீரர் ஒரே கையால் துப்பாக்கியை நீட்டிப் பிடித்து, 50 கஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கின் நடுவே, மூன்றரை அங்குலத்துக்கும் குறைந்த விட்டமுள்ள வட்டத்தில் குண்டைப் பதிக்க வேண்டும். துப்பாக்கியின் எடையோ ஏறத்தாழ 1.1 கிலோகிராம், அதன் விசையை இழுக்க வேண்டிய பலமோ அந்த எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இழுவை சீராக இல்லாமல் இடையிடையே தட்டுமானால், அந்தத் தட்டு விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து குழலின் நுனிக்கும் பரவி, குறியைக் கலைத்துவிடும். விசையைச் செம்மை செய்யும் தொழிலுக்கு அவசியம் பிறந்தது இங்கேதான்.

விரல் விசையைப் பின்னுக்குத் தள்ள, அது இடையிலுள்ள ஒரு துண்டின் வழியே 'சியர்' என்னும் சிறு தாங்கியை அசைக்கிறது. தாங்கியின் மூக்கு, பின்னோக்கி நிற்கும், 'குதிரை' எனப்படும் சுத்தியின் கொக்கிகளிலிருந்து நழுவுகிறது. கைப்பிடிக்குள் அடங்கியிருக்கும் ஸ்பிரிங்கின் பலத்தால் குதிரை முன்னே பாய்கிறது. மூக்கும் கொக்கியும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டர் அளவே. அந்த அற்பமான இடத்தில் கரடுமுரடு இருந்தால், மழைக்காலத்தில் ஊதிப்போன மரக்கதவு நிலையில் உரசி உரசித் திறப்பதுபோல், விசையும் தயங்கித் தயங்கியே நகரும்.

அவ்விடத்தைத் தேய்ப்பதே முதல் வேலையாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, முதியவர் வேலை செய்த வரிசை புதுமையாக இருந்தது. முதலில் பல்லாண்டுகளாக இறுகிக் கிடந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவச் செய்தார். பிறகு விசையின் பட்டை ஓடும் தடத்தில் விரல்நகத்தை ஓட்டி, தட்டுப்பட்ட பிசிறுகளை மட்டும் நீக்கினார். அதன்பின், மூன்று கிளைகளையுடைய பட்டை ஸ்பிரிங்கின் அழுத்தத்தைச் சோதித்தார். பழைய துப்பாக்கிகளில் பல, இவ்வளவிலேயே தம் குறைகளில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பது அவருடைய நீண்டகால அனுபவம்.

கடைசியில்தான் சியரின் முறை வந்தது. மூக்கில் நீல மையைத் தடவி, உறுப்புகளைக் கூட்டி அசைத்து, மை எங்கே அழிந்தது என்பதைப் பயிலும் பெண் கண்ணாடி வழியே நோக்கினாள். ஒருபுறம் மட்டுமே அழிந்திருந்தது. இரண்டு கொக்கிகளில் ஒன்றே சுமை முழுவதையும் தாங்கி வந்திருக்கிறது. சியரைக் கோணம் பிறழாதபடி ஒரு சட்டத்தில் இறுக்கி, ஆர்க்கன்சா மலைகளில் வெட்டியெடுக்கப்படும் இயற்கைச் சாணைக்கல்லை எண்ணெயிட்டு அதன்மேல் மெல்ல ஓட்டினாள். ஓரிரு முறை ஓட்டியதும் நிறுத்தி, துடைத்து, மீண்டும் மையிட்டுப் பார்த்தாள். இத்தகைய உறுப்புகளில் மேற்புறம் மட்டுமே கடினமாக்கப்பட்டிருப்பதும் உண்டு. அந்தத் தோலைக் கடந்து தேய்த்துவிட்டால் உள்ளேயுள்ள மென்மையான எஃகு வெகு சீக்கிரம் தேய்ந்து, குதிரை நிற்க வேண்டிய நிலையில் நில்லாமல் தானே விழும் அபாயம் நேரும். கல் எடுக்கவே வல்லது. எடுத்ததைத் திரும்பக் கொடுக்கும் கல் உலகத்தில் இல்லை. ஆகையால், எப்பொழுது நிறுத்துவது என்பதே அத்தொழிலின் தலையாய கல்வி என்று முதியவர் சொன்னார்.

உறுப்புகளை மீண்டும் பூட்டிய பின், குண்டு இல்லை என்பதை இருவரும் தனித்தனியே கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பரிசோதனையைத் தொடங்கினார்கள். முதியவர் பாதுகாப்புத் தாழைப் போட்டு விசையை அழுத்திவிட்டு, தாழை நீக்கி, குதிரையைச் சற்றே பின்னிழுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். மெல்லிய ஒலி எழுந்தால் சியர் இடம் பெயர்ந்திருக்கிறது என்பது பொருள். ஒலி எழவில்லை. பின்னர் எடைக்கோலை விசையில் தொங்கவிட்டு, 4 ராத்தலை அது தாங்குகிறதா என்று பார்த்தார்கள், தாங்கிற்று. வெறுந்துப்பாக்கியின் விசையை, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் என்னை இழுத்துப் பார்க்கச் செய்தபோது நான் உணர்ந்த வேற்றுமை எடையில் அதிகம் இல்லை. முன்பு தயங்கித் தயங்கி நகர்ந்தது, இப்போது அசையாமல் நின்று, ஒரே கணத்தில் தெளிவாக விடுபட்டது. விசை இலேசாவது வேறு, செம்மையாவது வேறு என்பதை என் விரலே எனக்குப் போதித்தது.

இன்னும் இலேசாக்கித் தரும்படி வற்புறுத்தி, இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொல்பவர்களும் வருவதுண்டாம். அவர்களை முதியவர் திருப்பி அனுப்பிவிடுவார். அவ்வாறே, யுத்தகாலத்து மூல உறுப்புகள் குறையாமல் அமைந்த துப்பாக்கி வந்தால், அவற்றைத் தேய்க்க மனம் ஒப்பாமல், புதிய உறுப்புகளைப் பொருத்திப் பழையவற்றை ஒரு பையிலிட்டு உரியவரிடமே ஒப்படைப்பார். சரித்திரத்தின்மேல் கல்லை ஓட்டக்கூடாது என்பது அவர் கொள்கை.

போர் முடிந்து திரும்பிய வீரர்கள் பிழைப்புக்கு வழி தேடிய காலத்தில், கொலராடோ மாநிலத்து டிரினிடாட் நகரக் கல்லூரியில் 1947-இல் துப்பாக்கி செப்பனிடும் தொழிலுக்கென ஒரு பயிற்சித் துறை ஏற்பட்டது. இன்று கணினி வழிகாட்ட யந்திரங்கள் வெட்டித் தரும் உறுப்புகள், பெரும்பாலும் அப்படியே பொருத்தும் பக்குவத்தில் விலைக்குக் கிடைக்கின்றன. அவை நல்லவையே, ஆனால், எண்பது ஆண்டுகள் தேய்ந்த ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியின் குறையை அறிந்து, அதற்குப் போதுமான அளவே திருத்தும் நிதானத்தை அவை தம்முடன் கொண்டுவருவதில்லை. உயிரைப் போக்கவல்ல கருவியைக் கையாளும் தொழிலில் அந்த நிதானம் அலங்காரமன்று, தர்மமே ஆகும். ஒரு தொழிலாளரின் தேர்ச்சியை அவர் செய்து முடித்த வேலையைக் கொண்டு அளப்பதோடு, கூலி கிடைத்தும் செய்ய மறுத்த வேலையைக் கொண்டும் அளக்க வேண்டும் என்பதே அப்பட்டறையில் நான் பெற்ற பாடம்.