குறுக்கே அறுத்த மரம்

அம்மாவின் அடுக்களையில் கத்தி காயைத் தேடிப் போனதில்லை; காய்தான் கத்தியிடம் வரும். அரிவாள்மனையின் பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் கத்தரிக்காயைப் பிடித்து அலகில் தள்ளுவாள். துண்டுகள் நேரே தண்ணீர்ச் சட்டியில் விழும். வாழைப்பூ, பூசணிக்காய், அயிலை மீன் எல்லாவற்றுக்கும் அதே அலகுதான். அந்தரத்தில் நிற்கும் அலகு எதன் மேலும் மோதுவதில்லை. அதனால் அடியில் வைக்க ஒரு பலகை தேவைப்படவே இல்லை.

கேஸ் அடுப்பு வந்தது. அடுப்பு மேடை மேல் ஏறியது. சமைக்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். நின்றுகொண்டு அரிவாள்மனையில் நறுக்க முடியாது. கத்தி கைக்கு வந்தது, அது இறங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. முதலில் சாப்பாட்டுத் தட்டிலும் கிரானைட் மேடையிலும் வெட்டினோம், கத்தி ஒரு மாதத்தில் மழுங்கியது. பிறகு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை வந்தது, மஞ்சள்பொடிக் கறையோடு இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. நடுவில் கண்ணாடிப் பலகை என்றும் ஒன்று வந்தது. அதைச் செய்தவர் வாழ்நாளில் ஒரு வெங்காயம்கூட நறுக்கியிருக்க மாட்டார்.

இப்போது கைவேலை மரப்பலகைகளின் காலம். தேக்கு, மா, வேம்பு, ரப்பர் மரம் என்று வரிசையாகக் கிடைக்கின்றன. சிலவற்றில் நடுவே நீல நிறப் பிசினை ஆறு மாதிரி ஓடவிட்டு விற்கிறார்கள். பார்க்க அழகுதான். கத்தி படும் இடத்தில் பிசினுக்கு என்ன வேலை என்று மட்டும் எனக்குப் புரிந்ததில்லை.

கெட்டியான மரம்தான் நல்ல பலகை என்று நினைக்கிறோம். பலகையின் வேலையோ கத்திக்குப் பதில் தான் காயப்படுவது. ஜப்பானியர்கள் ஹினோக்கி, ஜிங்கோ போன்ற மென்மையான மரங்களில் பலகை செய்கிறார்கள். அவர்களுடைய கத்தியின் விளிம்பு அவ்வளவு மெல்லியது, கெட்டி மரத்தில் பட்டால் சில்லு தெறித்துவிடும். சீனத்திலும் வியட்நாமிலும் கனத்த வெட்டுக்கத்தி மேலிருந்து இறங்குவதால் கையகலத் தடிமனில் உருண்டைக் கட்டைகள் வைத்திருக்கிறார்கள். கத்தியைப் பார்த்துத்தான் மரத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். நாம் பெரும்பாலும் சமையலறையின் நிறத்தைப் பார்க்கிறோம். தேக்கு தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதில் மணலின் கூறான சிலிக்கா இருக்கிறது, அதை அறுத்தால் ரம்பப் பல்லே சீக்கிரம் மழுங்கும். இது விலைச்சீட்டில் எழுதாத சங்கதி.

நம்மிடம் வெட்டுபலகையே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. தெருமுனைக் கறிக்கடையில் எப்போதும் இருந்தது. இடுப்பளவு உயரத்தில் நிற்கும் புளியங்கட்டைதான் அது. ஆட்டுத் தொடையை அதன் மேல் போட்டுக் கத்தியை ஓங்கி இறக்குவார் கடைக்காரர். எலும்பு உடையும், கட்டையிலிருந்து சிராய் ஒன்றும் கறியோடு வராது. சாயங்காலம் கத்தியைச் சாய்த்துப் பிடித்து மேல்பரப்பைச் சுரண்டி, உப்பும் மஞ்சளும் தேய்த்துவிட்டுப் போவார். தாய்லாந்திலும் வெட்டுகட்டைக்குப் பேர்போனது புளியமரம்தான். ஆனால் நம் ஊரில் அந்தக் கட்டையின் சூட்சுமம் என்ன என்று கறி வாங்கப் போனவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. கறிக்கடைக்காரரின் தொழிலறிவை அறிவாக மதிக்கிற வழக்கம் நமக்குக் குறைவு. இன்று வெளிநாட்டுப் பெயரோடு வீட்டுக்கு வந்து அதிக விலை கேட்கிற பலகை, அந்தக் கட்டையின் தம்பிதான்.

சூட்சுமம் அறுப்பில் இருக்கிறது. மரத்துக்குள் நார்கள் வேரிலிருந்து உச்சி நோக்கி ஓடுகின்றன. நீளவாக்கில் அறுத்த பலகையில் அவை படுத்துக் கிடக்கும். கத்தி இறங்கும்போதெல்லாம் நார் அறுபடும், தழும்பு நிற்கும். குறுக்கே அறுத்தால் நார்கள் நிமிர்ந்து நிற்கும். இறுக்கிக் கட்டிய ஈர்க்குமாற்றை நிறுத்தி, அதன் நுனியில் கத்தியை இறக்கினால் ஈர்க்குகள் விலகும். கத்தியை எடுத்ததும் மறுபடி கூடும். குறுக்கறுப்புப் பலகையில் நடப்பதும் இதுதான். கத்தியின் கூரும் நிற்கிறது, மரமும் பிழைக்கிறது. புளியமரத்திலோ நார்கள் நேராக ஓடாமல் பின்னிக்கொண்டு கிடப்பவை. விறகுக்குக்கூட அதைப் பிளக்க எளிதில் யாரும் முன்வர மாட்டார்கள்.

செங்கோட்டைப் பக்கம் மர மில் ஒன்றையொட்டிப் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம், வட்டமாக ஒரே துண்டில் புளியம்பலகை வேண்டும் என்று கேட்டேன். அவர் இழைப்புளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “ஒத்தத் துண்டுல செஞ்சு தரமாட்டேன் தம்பி. ஐப்பசில வாங்கிட்டுப் போவிய, பங்குனில ரெண்டாக் கொண்டாந்து எம் முன்னால வைப்பிய.”

“கறிக்கடைக் கட்டை வெடிக்கலையே, அண்ணாச்சி?”

“வெடிக்காம? சுத்திப் பட்டை போட்டிருக்கத நீங்க பாக்கல. அதுபோக அது நெதம் நனையுது. ஒங்க வீட்டுல ஃபேன் காத்துலல்லா கெடக்கும்.”

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈர மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, வளையங்களைச் சுற்றியுள்ள வாக்கில் சுருங்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் வட்டத் துண்டு விளிம்பிலிருந்து உள்நோக்கி வெடிக்கிறது. அதனால் அவர் காய்ந்த மரத்தைச் சிறு சதுரக் கட்டைகளாக அறுத்து, அறுத்த முகம் மேலே வருமாறு நிறுத்தி, தண்ணீர் தாங்கும் பசை போட்டு இறுக்கி ஒட்டித் தந்தார். வைரம் பாய்ந்த கருஞ்சிவப்புத் துண்டும் வெளிறிய துண்டும் மாறி மாறி வந்தன. உப்புத்தாள் போடத்தான் அதிக நேரம் ஆனது. குறுக்கறுப்பு முகம் லேசில் வழவழப்பாகாது.

மரத்தில் கிருமி தங்காதா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற ஆய்வாளரும் இதே சந்தேகத்தோடுதான் தொடங்கினார். மரப்பலகையைப் பிளாஸ்டிக் அளவுக்குப் பாதுகாப்பானதாக ஆக்குவது எப்படி என்று கண்டறிவதே நோக்கம். 1994இல் வெளியான முடிவு வேறாக இருந்தது. மரத்தில் விட்ட பாக்டீரியாக்களை நுண்துளைகள் உள்ளே இழுத்துக்கொண்டன. சிறிது நேரத்தில் மேல்பரப்பிலிருந்து அவற்றைத் திரும்ப எடுப்பதே கடினமாயிற்று. உள்ளே போனவை பெருகவில்லை, மெல்லச் செத்தன. புதுப் பிளாஸ்டிக்கைக் கழுவிச் சுத்தமாக்க முடிந்தது. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக்கை, அதிலும் கோழிக் கொழுப்பு படிந்ததை, கையால் கழுவிச் சரிசெய்ய முடியவில்லை. இதற்காக மரத்தைக் கழுவவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பச்சைக் கறிக்கும் மீனுக்கும் வேறு பலகைதான். கழுவியதும் படுக்க வைக்காமல் சாய்த்து நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் காற்றுப் படாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஊறி வளைந்துவிடும். தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவது பலகையைக் கொல்ல நிச்சயமான வழி.

எண்ணெய் விஷயம் தனி. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ பூசினால் நாளடைவில் பிசுபிசுத்துக் காறல் வாடை வரும். கெட்டுப்போகாத லிக்விட் பாரஃபின்தான் இதற்குத் தோது. அது மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்காக விற்கப்படுவது. பெரிய பாட்டிலாக நான் கேட்டதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “எத்தனை நாளா இருக்கு?” என்றார். பலகைக்கு என்றேன். நம்பவில்லை, ராத்திரி ரெண்டு வாழைப்பழமும் சாப்பிடச் சொன்னார்.

பலகை சொன்னபடி உழைக்கிறது. நான் எப்போதும் ஒரே இடத்தில் வெங்காயம் நறுக்குவதால் இடப்பக்கம் லேசாகக் குழி விழுந்திருக்கிறது. கறிக்கடைக் கட்டையிலும் இப்படிக் குழி விழும், மில்லுக்குக் கொண்டுபோய் மேலே ஒரு வளையம் சீவி எடுத்து மறுபடி போடுவார்கள். அதுபோலச் செய்துதரக் கேட்டு ஆசாரிக்குப் போன் போட்டேன். தீபாவளி நெருங்கும் நேரம். வீட்டுக்கு வீடு கறி எடுக்கும் அந்தச் சமயத்தில் புளியங்கட்டைக்குக் கிராக்கி. பின்னால் ரம்பம் இரைந்துகொண்டிருந்தது.

“தீவாளி கழியட்டும் தம்பி, சீவித் தாரேன். அதுவரைக்கும் திருப்பிப் போட்டு வெட்டுங்க. அந்தப் பக்கம் சும்மாத்தான கெடக்கு?”