மந்தர ஸ்தாயி

தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய கப்பல் ஊதுவதை நேயர்கள் கேட்டிருக்கலாம். அது கீச்சென்று கத்துவதில்லை, அடிவயிற்றிலிருந்து பேசுகிறது. 200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பலின் ஊதல் விநாடிக்கு 70 முதல் 200 அதிர்வுகளுக்குள் இருக்கவேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. தாழ்ந்த சுருதி வெகு தூரம் செல்லும். வழியில் எளிதில் தேய்வதில்லை. இப்படிப்பட்ட குரல் ஊரில் ஒலிக்க, நமது கூடத்தில் சினிமாப் படம் ஓடும்போது மட்டும் கப்பல் கொசுவைப் போல் ஊதுவானேன்? இந்த ஆதங்கந்தான் நம் கையில் ரம்பத்தைக் கொடுத்தது.

"சப்வூஃபர் கடையில் விற்கிறதே, வாங்கினால் தீர்ந்தது!" என்றார்கள் நண்பர்கள். வாஸ்தவம். ஒரு பெட்டியைச் செய்துவிட்டதனால், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளைக்கு நாம் வாரிசாகிவிட மாட்டோம். ஒலிபெருக்கியும் ஆம்ப்ளிஃபயர் பலகையும் கடைச் சரக்கே. ஆனால் மந்தர ஸ்தாயியின் ரகசியத்தில் பாதி, பெட்டிக்குள் அடைபட்ட காற்றில் இருக்கிறது. அந்தக் காற்றுக்கு நாமே வீடு கட்டிக் கொடுக்கலாம்.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உபாத்தியாயர் உண்டு, அவர்தான் சங்கு. சங்கைக் காதில் வைத்தால் கடல் இரைகிறது என்கிறோம். உண்மையில் இரைவது கடலன்று. சுற்றிலுமுள்ள மெல்லிய சத்தங்களில் தன் குழிவுக்கு இசைந்தவற்றைச் சங்கு பொறுக்கியெடுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. குழிந்த பாத்திரமும் குறுகிய வாயும் இருந்தால், உள்ளிருக்கும் காற்று வில்லைப் போல் சுருங்கி விரியும். அதற்கென்று ஒரு சுருதியும் அமையும். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், வெற்றுக் கோளங்களைக் கொண்டு இதை ஆராய்ந்து 1863-ல் நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் துராஸ் என்பவர், ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒரு துளையிட்டு அந்தச் சுருதியைப் பயன்படுத்தும் முறைக்கு 1932-ல் காப்புரிமை பெற்றார். எந்த ஒலிபெருக்கிக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்ற கணக்கை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-ல் எழுதினார். இந்தக் கரையில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்ததும் அதே வருஷத்தில்தான்.

நாம் எடுத்துக்கொண்ட கணக்கு இது: பத்து அங்குல ஒலிபெருக்கி, உள்ளே 60 லிட்டர் காற்று, 10 சென்டிமீட்டர் விட்டமும் 36 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பி.வி.சி. குழாய். இந்த அளவுக்குப் பெட்டியின் சுருதி விநாடிக்கு 30 அதிர்வு. குழாயைக் குறைத்தால் சுருதி ஏறும்; நீட்டினால் இறங்கும். குழாயும் ஒலிபெருக்கியும் அடைக்கும் இடத்தை அந்த 60 லிட்டரில் சேர்க்கலாகாது.

பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட். உப்பளத்துக் காற்று வீசும் ஊரானபடியால், வெட்டிய விளிம்புகளுக்கெல்லாம் இரண்டு கை வார்னிஷ் பூசினோம். துருப்பிடிக்காத திருகாணிகளையே முடுக்கினோம். மூட்டுகளில் கசிவு உண்டா என்று பார்க்க ஊதுபத்தியே போதும். தாழ்ந்த ஸ்வரத்தை ஒலிக்க விட்டு, பத்தியை மூட்டோரமாக நகர்த்தவேண்டும். புகை எங்கே நடுங்குகிறதோ அங்கே பசை போதவில்லை என்று பொருள்.

இனி, பெட்டியை வைக்கும் இடம். விநாடிக்கு 30 அதிர்வுள்ள ஒலியலையின் நீளம் சுமார் பதினொன்றரை மீட்டர். நம் கூடத்தின் நீளமோ அதில் பாதிகூட இல்லை! ஆகையால் அலை சுவரில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் பெருகும், வேறோரிடத்தில் மறையும். நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. நாம் உட்காரும் நாற்காலியில் பெட்டியை ஏற்றிவிட்டு, நாம் சுவரோரமாகத் தவழ்ந்து போகவேண்டும். ஒலி எங்கே தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். நாம் அவ்வாறு தவழ்ந்துகொண்டிருந்த சமயம், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த நம் இல்லத்தரசி, "என்ன, முத்து ஏதாவது அகப்பட்டதா?" என்று விசாரித்தாள்.

நிற்க. அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர் வாலிபத்தில் சங்கு குளித்தவர். பத்து மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரு மடங்காகும். அவர் காதுகள் அந்த நாளிலேயே கெட்டுவிட்டன. படம் பார்க்க அழைத்தால், "எனக்கு என்ன கேட்கப்போகிறது, தம்பி?" என்று சிரித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுவார். பெட்டி பாடிய முதல் சாயங்காலம் அவரை உள்ளே அழைத்துவந்து பெட்டியருகே உட்கார வைத்தோம். பலகைமேல் கையை வைத்தார். திரையில் கப்பல் ஊதிற்று. கையை எடுக்கவில்லை. "கடலுக்கடியில் இருக்கும்போது மேலே விசைப்படகு போனால் இப்படித்தான் தம்பி தெரியும், நெஞ்சிலே" என்றார். செவியால் கேட்கும் தாழ்ந்த ஒலியை உடம்பும் அறியும் என்பதைப் புஸ்தகத்தில் படித்திருந்தோம். அன்று அவர் முகத்தில் பார்த்தோம்.

ஆனால் மறுபக்கத்துச் சுவருக்கு அப்பால் ஒரு தொட்டில் ஆடுகிறது. பேச்சொலியைத் தடுக்கும் சுவர் மந்தர ஒலியை அவ்வளவாகத் தடுப்பதில்லை; கதவைச் சாத்தினாலும் பயனில்லை. அந்த வீட்டுக்குப் போய், "குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும்?" என்று கேட்டறிந்தோம். எட்டரை என்றார்கள். பெரியவருக்கோ, கை வைத்து அறிவதற்குச் சிறு அதிர்வே போதுமாயிருந்தது. ஆகவே ஆம்ப்ளிஃபயரின் குமிழில், தொட்டில் வீட்டார் சரி என்று சொன்ன இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். குமிழ் அதைத் தாண்டுவதில்லை. எட்டரை மணிக்குப் பெட்டி வாயை மூடிக்கொள்கிறது.

சனிக்கிழமைகளில் பெரியவர் ஆறு மணிக்கே வந்துவிடுகிறார். பெட்டியை ஒட்டிய மணை அவருடையது. அவர் வராத நாளில் அதில் யார் உட்காருவது என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்குள் பெரும் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு இன்னும் ஆகவில்லை.