அந்தப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

போன மாதம் என் மருமகள் ஊருக்கு வந்துவிட்டுப் போகும்போது ஒரு இங்கிலீஷ் நாவலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். போனில் கேட்டால், "படிங்க அத்தை, உங்களுக்குப் பிடிக்கும்" என்கிறாள். நான் தமிழ் நடத்திய டீச்சர். இங்கிலீஷ் நாவல் எனக்கு மாட்டுவண்டி மாதிரிதான் நகரும். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் முடித்தேன். முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாவலின் பெயர் 'தி ஸ்டோரிட் லைஃப் ஆஃப் ஏ.ஜே. ஃபிக்ரி'. எழுதியவர் கேப்ரியேல் ஸெவின் என்கிற அமெரிக்க எழுத்தாளர். 2014-ல் வந்த புத்தகம். 2022-ல் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். நம் ஊர் வம்சாவளியைச் சேர்ந்த குணால் நய்யார்தான் கதாநாயகன்.

கதை மாசசூசெட்ஸ் கடலோரத்தில் ஒரு கற்பனைத் தீவில் நடக்கிறது. அங்கே இருக்கும் ஒரே புத்தகக் கடையின் முதலாளி ஃபிக்ரி. மனைவியைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். குடி, சிடுசிடுப்பு, யாரிடமும் பேச்சு கிடையாது. அவரிடம் இருந்த விலைமதிப்புள்ள பழைய புத்தகம் ஒன்றும் திருடு போகிறது. பிறகு ஒருநாள் கடைக்குத் திரும்பினால், குழந்தைகள் புத்தகப் பகுதியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பெயர் மாயா. 'புத்தகங்களுக்கு நடுவில் இவள் வளரட்டும்' என்கிற மாதிரி அம்மா எழுதிவைத்த சீட்டு கூடவே இருக்கிறது. அந்த அம்மா கடலில் இறந்துபோனது பிறகுதான் தெரியவருகிறது.

ஒரு வார இறுதி மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்ட மனிதர், அந்தக் குழந்தையை விட முடியாமல் தத்தெடுத்துக்கொள்கிறார். தனி ஆளாக வளர்க்கிறார். ஒரு காலத்தில் அவர் முகத்தில் அடித்த மாதிரி பேசி அனுப்பிய அமீலியா என்கிற பெண், பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி. அவள் அன்று சிபாரிசு செய்த புத்தகத்தை நான்கு வருஷம் கழித்துத்தான் எடுத்துப் படிக்கிறார். அங்கே தொடங்குகிறது காதல். முடிவை இப்போதைக்குச் சொல்லவில்லை. கீழே வரும், முன்பே தெரிய வேண்டாம் என்பவர்கள் மன்னிக்கவும்.

இடையில் ஒரு விஷயம். கைவிடப்பட்ட குழந்தையை அரசு வழியாகத் தத்தெடுப்பதென்றால், நம் நாட்டில் இந்தக் கதை நடக்காது. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள். காரணம் நமக்கும் புரிகிறது. ஆனால் சொந்தப் பெண் குழந்தையைத் தனியாக வளர்க்கும் அப்பாவையும் நாம் அதே சந்தேகக் கண்ணோடுதானே பார்க்கிறோம்?

எனக்கு அப்படி ஒரு அப்பாவைத் தெரியும்.

மன்னார்குடிப் பக்கம் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள் அவள். பெயர் வேண்டாம். நான்கு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா டவுன் பஸ் கண்டக்டர். சேர்ந்த முதல் நாள் அவள் தலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே. பொங்கல் லீவு முடிந்து வந்தபோது இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. "அப்பா டிரைவர் மாமா வீட்டு அத்தைகிட்ட கத்துக்கிட்டாரு டீச்சர்" என்றாள்.

கண்டக்டர் வேலையில் நைட் ஹால்ட் என்று ஒன்று உண்டு. கடைசி டிரிப் போய்ச் சேரும் கிராமத்திலேயே பஸ்ஸை நிறுத்திப் படுத்து, விடியற்காலை முதல் டிரிப் எடுத்து வருவார்கள். அந்த ராத்திரிகளில் அவள் எதிர்வீட்டுப் பாட்டியிடம் படுப்பாள். மத்திய அரசு ஊழியர்களில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கே 2018 கடைசியில்தான் குழந்தை வளர்ப்பு விடுப்பு வந்தது. அன்றைக்கு இவருக்கு என்ன இருந்தது? டூட்டி மாற்றிக்கொள்ளும் நாலு நல்ல கண்டக்டர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே அவள் பெரிய பெண்ணானாள். டெப்போவுக்குப் போன் போட்டோம். அடுத்த டிரிப்பை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு வந்து கேட் பக்கத்தில் நின்றார். உள்ளே வரவில்லை. "டீச்சர், நான் என்ன வாங்கணும்? எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டை டிக்கெட் கட்டு மாதிரி பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

2006 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தார். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யார்கிட்டயும் கேக்க முடியல."

அவருடைய பஸ்ஸில் தினமும் வரும் ஒரு அங்கன்வாடி டீச்சர். கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை. மூன்று வருஷப் பழக்கம், பஸ்ஸுக்குள் மட்டும். "கட்டிக்கலாம்னு தோணுது டீச்சர். பாப்பாவுக்கு நல்லதா கெட்டதான்னு தெரியல. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

நான் யோசிக்கவே இல்லை. "பத்தாவது முடியட்டும் தம்பி. பொண்ணு படிக்கிற நேரம். வீட்டுக்குள்ள புதுசா ஒருத்தி வந்தா அவ மனசு கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டேன். "சரிங்க டீச்சர்" என்றார். பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அடுத்த வருஷம் அந்த அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாறுதலாகிவிட்டது என்று கேள்வி.

அவள் பத்தாவதில் பள்ளியில் இரண்டாம் இடம் வந்தாள். நான் சொன்னது சரிதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நாவல் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. மாயாவுக்கு ஒரு அம்மா வேண்டும் என்று ஃபிக்ரி அமீலியாவைத் தேடிப் போகவில்லை. அவருக்கு அவளைப் பிடித்திருந்தது, அதுதான் காரணம். அந்தக் குழந்தையும் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. நம் ஊரில் மனைவியை இழந்தவனிடம் "பிள்ளையைப் பார்த்துக்க ஒருத்தி வேணுமே, கட்டிக்கோ" என்பார்கள். இல்லாவிட்டால் "பிள்ளை இருக்கே, கட்டிக்காதே" என்பார்கள். அவன் தனியாகச் சாப்பிடுகிறானே என்று யாரும் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் சித்தி கொடுமை சொல்லி அழுத பிள்ளைகள் இருந்தார்கள், அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. அவள் எதற்கெடுத்தாலும் என்னிடம் ஓடி வருவாள். அவளுக்கு அம்மா ஸ்தானத்தில் நான் இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, யாரோ எழுதிய கதையைப் படித்த பிறகுதான் இது எனக்கே தெரிகிறது.

அவள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள், ஒரு பையன். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்த அத்தையை எனக்குத் தெரியும் டீச்சர். லீவு நாள்ல அப்பாகூட பஸ்ல போவேன்ல, எனக்கு ஜன்னல் சீட்டு பிடிச்சு வைப்பாங்க. வேர்க்கடலை வாங்கித் தருவாங்க. எனக்கு அவங்கள ரொம்பப் பிடிக்கும். திடீர்னு வரலை. ஏன்னு அப்பாகிட்ட கேட்டேன், ஒண்ணும் சொல்லல. என்கிட்ட யாருமே கேக்கலையே டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார். அடுப்பில் ஒரு ஆளுக்கான சின்னக் குக்கர். டீ போட்டுக் கொடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"நீங்க வேணாம்னு சொன்னதும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக்கூட இருந்துச்சு டீச்சர். ஊருக்குப் பயந்துட்டுத்தான் இருந்தேன். பழிய ஏன் நீங்க மட்டும் எடுத்துக்குறீங்க" என்றார்.

பிறகு, "அந்தக் கதையில கடைசில என்ன ஆவுது?" என்று கேட்டார்.

சொன்னேன். கல்யாணம் நடக்கிறது. மாயா வளர்ந்து பெரிய பெண்ணாகிற வரைக்கும் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிறார்கள். பிறகு ஃபிக்ரி மூளைக் கட்டியில் இறந்துபோகிறார்.

"அவ்வளவு வருஷம் இருந்தாங்கள்ல?" என்றார். "அது போதும் டீச்சர். அதுவே நிறைய."

டீ டம்ளரைக் கழுவி வைக்க உள்ளே போனவர் திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. நானும் கூப்பிடவில்லை.

நண்பர்களே, உங்கள் உறவிலோ தெருவிலோ அலுவலகத்திலோ இப்படித் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருவர் இருப்பார். ஒருநாள் உங்களிடம் வந்து தயங்கித் தயங்கி ஏதாவது கேட்பார். என்னை மாதிரி உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "உனக்கு என்ன வேணும்?" என்று அவரிடம் ஒரு முறை கேளுங்கள். பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அதனிடமும் கேளுங்கள்.

(இருவரிடமும் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே இதைப் பதிவிடுகிறேன். இந்த முறையாவது கேட்டேன்.)