ஓடையில் கிடந்த மூட்டை

"கொடைக்கானலா உன் ஊரு? குடுத்து வச்சவன்டா!" ஹாஸ்டல்ல இதைச் சொல்லாத ஆளே கிடையாது. மக்களே, சீசன்ல ஒரு வாரம் எங்க தெருவுல வந்து இருந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க.

2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தாலும் வந்தது, குணா குகையைப் பார்க்க அப்படி ஒரு கூட்டம். அதே வருஷம் மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்தது. எங்க ஊர்ல குப்பை, ஹாரன், குடி எல்லாத்துக்கும் ஒரே பெயர்தான்: டூரிஸ்ட்.

போன மே மாசம் ஆறு பசங்க எங்க தெரு முனையில வேனை நிறுத்திட்டு ஓடைக்கரையில உட்கார்ந்து குடிச்சாங்க. பாட்டிலைப் பாறையில உடைச்சாங்க. அவ்வளவுதான், தெருவே திரண்டு போச்சு. வேன் சாவியைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, கண்ணாடித் துண்டு ஒண்ணு விடாம பொறுக்க வச்சோம். ஒருத்தனுக்கு விரல் கிழிஞ்சு ரத்தம். என் வயசுதான் இருக்கும். "பொறுக்குடா"ன்னு அதிகமா கத்தினது யாருன்னு கேட்காதீங்க. (நான்தான்.)

ரெண்டு வாரம் கழிச்சு, விடியக்காலை அஞ்சரை மணி. எதிர்வீட்டு மாமா வாடகைக்கு விடுற ரெண்டு ரூம் குப்பையை மூட்டையாக் கட்டி, அதே ஓடையில தள்ளிவிட்டார். நான் ஜன்னல்ல நிக்கிறேன். அவரும் என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, லீவா?"ன்னு கேட்டார். "ஆமா மாமா"ன்னேன்!

அம்மாகிட்ட சொன்னேன். "வாயை மூடிட்டு இரு. தாத்தாவுக்கு நெஞ்சு வலின்னப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு வத்தலக்குண்டு ரோட்டுல ஜீப்பை எடுத்தது யாரு? டூரிஸ்ட்டா?"

நியாயம்தானே? திட்டிட்டா டூரிஸ்ட் மறுநாள் போயிருவான். மாமா முகத்துல தினம் முழிக்கணும். ஆனா ஓடைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? காட்டுமாடு வந்து மூட்டையைக் கிளறும்போது, இது உள்ளூர்க் குப்பையா வெளியூர்க் குப்பையான்னு பார்த்தா கிளறுது?

எங்க பாட்டி மட்டும் சும்மா இருக்கல. சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்துகிட்டு, யாரையும் பார்க்காம, "வயசு காலத்துல ஓடைத் தண்ணி நாத்தம் தாங்கல. எந்தப் புண்ணியவான் வேலையோ"ன்னு சத்தமா சொன்னாங்க. மாமா ஒண்ணும் பேசாம உள்ளே போயிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கல. சண்டையும் இல்ல, பேரும் சொல்லல, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருச்சு. இந்த வித்தை எனக்கு வராது. எனக்குத் தெரிஞ்சது ரெண்டுதான்: சாவியைப் பிடுங்குறது, இல்லேன்னா "ஆமா மாமா".

அந்தப் பையனுக்கு ஒரு துணி கிழிச்சுக் கட்டிவிட்டிருக்கலாம். அதுகூடத் தோணல.

போன வாரம் ஊருக்குப் போனப்ப ஓடைக்கரையில மூட்டை எதுவும் இல்ல. கொஞ்சம் கீழே, வளைவு தாண்டி ஒரு பள்ளம் இருக்கு. அங்கே எட்டிப் பார்க்காம வந்துட்டேன்.